கேட்டால் அவுட்

மருந்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே எட்டாக மடித்து ஒரு மெல்லிய காகிதம் இருக்குமே, யாரும் படிக்காமல் தூக்கிப் போடுவோமே, அதை ஓர் எழுத்து விடாமல் இரண்டு தடவை படிப்பதற்குச் சம்பளம் வாங்கினாள் என் பெண்டாட்டி. அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ், எழுத்தெல்லாம் கடுகு அளவு. மேனேஜரிலிருந்து மெஷின் ஓட்டுகிறவர் வரை எல்லோரும் அவளைத் திருத்தம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரில் அவளுக்கு ரொம்பப் பெருமை.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஆங்கிலம் அரைகுறையாக வரும், கோபம் மட்டும் முழுசாக வரும்.

மற்றவர்கள் வேலை முடிந்து வரும்போது பையில் காய்கறி கொண்டுவருவார்கள். இவள் ஒரு வார்த்தை கொண்டுவருவாள். வாயில் நுழையாத ஏதாவது வியாதிப் பெயராக இருக்கும். வருகிற வழியிலேயே அதில் ஓர் எழுத்தை நைசாக மாற்றிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி என் முன்னால் எடுத்து வைப்பாள்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள், "எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்குக் கிளிப்டோமேனியாங்க, பாவம்" என்றாள். நானும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "அடடா, டாக்டர்கிட்ட காட்டினாங்களா?" என்று கேட்டேன். அதோடு விட்டேனா? மறுநாள் எங்கள் சூப்பர்வைசரிடம் போய், அச்சகங்களில் இப்போது கிளிப்டோமேனியா பரவுகிறதாம், ஜாக்கிரதையாக இருங்கள் என்று அறிவுரை வேறு சொன்னேன். அவருடைய மகள் நர்ஸ். அவர் விசாரித்துக்கொண்டு வந்து, அப்படி ஒரு வியாதியே கிடையாதாம், கை அரித்து எதையாவது திருடிக்கொண்டே இருப்பதற்குக் கிளெப்டோமேனியா என்று பெயராம் என்று நாலு பேர் முன்னால் போட்டு உடைத்தார். மானம் கப்பலேறிவிட்டது. வீட்டுக்கு வந்து தையத்தக்கா என்று குதித்தேன்.

"கிளெப்டோமேனியான்னா கண்டதையும் திருடுவான். எங்க ஆளு பேப்பர் கிளிப்பு மட்டும்தாங்க திருடுறான். அப்ப அது கிளிப்டோமேனியாதானே?" என்று கேட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்ன செய்வது, எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது.

அன்றைக்கே ஒரு சட்டம் போட்டாள். யார் வார்த்தையை மாற்றிச் சொன்னாலும், கேட்கிறவர் 'என்ன?' என்று கேட்கக் கூடாது. கேட்டால் அவுட். பிறந்ததிலிருந்தே தெரிந்த வார்த்தை மாதிரி, முகம் மாறாமல், அதற்கு உடனே ஓர் அர்த்தம் சொல்ல வேண்டும். சொன்னவரும் சிரிக்கக் கூடாது. இருபத்தேழு வருஷம் எங்கள் வீட்டில் அந்தச் சட்டம்தான் ஓடியது.

எனக்கு மூட்டு வலி வந்தபோது, அது ஆர்த்ரைட்டிஸ் இல்லை, ஆத்திரைட்டிஸ் என்றாள். ஆத்திரப்பட்டு ஆத்திரப்பட்டே மூட்டு மூட்டாக வலிப்பது. அப்புறம் வீட்டில் என் பெயரே ஆத்திரைட்டிஸ் ஆகிவிட்டது. பகலெல்லாம் சோம்பிப் படுத்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை என்று புலம்புவது இன்சோம்பியா. மாமியார் சொன்ன வேலை மட்டும் மறந்துபோவது மாம்னீஷியா. என் அம்மா உயிரோடு இருந்தபோது என் பெண்டாட்டிக்கு அது அடிக்கடி வரும். நாள் முழுக்க வார்த்தைகளைப் பார்த்துப் பார்த்துத் தலை சுற்றினால் அது வெர்டிகோ இல்லை, வேர்டிகோ.

சிரிப்புக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். என் அப்பா செத்தபோது நான் மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். சாப்பாடு வேண்டாம், யார் பேச்சும் வேண்டாம். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்களுக்கு வந்திருக்கிறது மெலன்கலி. லேசுல போகாத வருத்தம்னு அர்த்தம்" என்றாள். அப்புறம் என் முதுகில் கையை வைத்து, "கொஞ்ச நாள்ல அதுல ஒரு எழுத்து மாறிடும். மெலன்களி ஆயிடும். மெல்ல மெல்ல வர்ற களி" என்றாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அந்தச் சிரிப்போடுதான் எழுந்து குளிக்கப் போனேன். இப்படிப்பட்ட ஒருத்தியின் ஆட்டத்தை நான் எப்படிக் குறை சொல்ல முடியும்? இன்றைக்கும் சொல்ல மாட்டேன். குறை என் மேல்தான்.

எங்கள் மகள் மட்டும் இந்த ஆட்டத்தில் தேறவே இல்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு எதையும் கேட்காமல் இருக்க முடியாது. "என்னம்மா சொன்னீங்க? புரியலை. திருப்பிச் சொல்லுங்க" என்பாள். முதல் பந்திலேயே அவுட். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு அவளை ஓட்டுவோம். வளர்ந்து கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலைக்குப் போனாள். அங்கேயும் நாள் முழுக்க, "இப்ப தெரியுதா? இப்ப? இதுக்கு முன்னாடி தெளிவா இருந்துச்சா, இப்பவா?" என்று கேள்விதான். அவளுக்கு ஏற்ற வேலை என்று கேலி செய்தோம்.

அந்தக் காலை நேரத்தில் என் மகள் வீட்டில் இருந்திருந்தால் என்று எத்தனை தடவை நினைத்திருப்பேன்! அவள் வேறு ஊரில் இருந்தாள். நான்தான் இருந்தேன்.

மணி ஆறே முக்கால் இருக்கும். நான் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தேன். அடுக்களை வாசலில் நின்றுகொண்டு அவள், "சாலியை எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

சாவியைத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தது. நான் முகம் மாறாமல், "சாவியைத் தொலைச்சிட்டு ஜாலியா திரியறவன் பேருதானே சாலி? நான் அவன் இல்லை, சாவி பத்திரமா இருக்கு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சொன்னவர் சிரிக்கக் கூடாது என்பதுதானே சட்டம்.

மேஜையைக் காட்டி, "டம்பர்ல... டம்பர்ல தண்ணி" என்றாள். "டம்பர்னா, தண்ணியைக் குடிக்காம கையில டம்பமா பிடிச்சிட்டு நிக்கிற டம்ளர்" என்றேன். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. காலங்கார்த்தாலேயே நாக்கு இப்படி ஓடுகிறதே என்று. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கட்டில் பக்கம் கையை நீட்டி, "உங்க சக்கை" என்றாள். அங்கே என் சட்டை இஸ்திரி போட்டு வைத்திருந்தது. "வேலைக்குப் போய்த் திரும்பினா மனுஷனே சக்கைதான், சட்டை மட்டும் என்ன?" என்று சொல்லிவிட்டு அதை எடுத்து மாட்டினேன். கண்ணாடியில் தலை வாரினேன். பின்னால் அவள் நின்றது தெரிந்தது. நெற்றியை ஒரு கையால் பிடித்திருந்தாள்.

"எனக்கு என்னவோ... நொலையுது" என்றாள்.

இருபத்தேழு வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. எந்த வார்த்தையை மாற்றினால் அது வரும் என்றும் பிடிபடவில்லை. ஒரு நிமிஷம் 'என்ன?' என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் அவுட். வாயை மூடிக்கொண்டேன். "அபாரம். இதுக்கு சாயங்காலம் அர்த்தம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

என் வேலையே காதால் செய்கிற வேலை. பத்து மாடி லிஃப்டின் மேல் நின்று கண்ணை மூடினால், எந்தச் சக்கரத்தில் தேய்மானம், எந்தக் கயிற்றில் இழை பிரிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். "சத்தம் துளி மாறினாலும் வண்டியை நிறுத்து, அப்புறம் யோசி" என்று புதிதாக வருகிற ஒவ்வொருவனிடமும் அதட்டிச் சொல்லுவேன். ஊருக்குத்தான் உபதேசம். என் வீட்டில் ஒன்றல்ல, நாலு தடவை சத்தம் மாறியது. நான் நிறுத்தவில்லை.

எட்டே கால் மணிக்கு டீ குடிக்கும்போது அந்த நாலாவது வார்த்தைக்கு அர்த்தம் தோன்றியது. பொறுக்க முடியாமல் அவள் போனுக்கு எழுதி அனுப்பினேன்: "நொலைதல் என்றால் நுழையும்போதே தொலைந்துபோவது. உதாரணம், என் சம்பளம்." பதில் வரவில்லை. அச்சகத்தில் வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்கு மேல் அச்சகத்திலிருந்து போன் வந்தது. "திருத்தம்மா வரலையே, போனும் எடுக்கலை. உடம்பு சரியில்லையா?" என்றார் மேனேஜர். அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. வேலைக்குப் போகிற புடவையில், தோளில் பையோடு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வலது கை பக்கவாட்டில் தொங்கியது. போன் கீழே கிடந்தது. என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். ஒரு சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் கொட்டியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே, "கடைசியா எப்ப நல்லா பேசினாங்க?" என்பதுதான்.

"நேத்து ராத்திரி" என்றேன்.

"காலையில?"

"வார்த்தை... கொஞ்சம் மாறி மாறி வந்துச்சு."

"எத்தனை மணிக்கு?"

"ஆறே முக்கால்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்பவே கொண்டு வந்திருந்தா அடைப்பைக் கரைக்க ஊசி போட்டிருக்கலாம். இப்ப அந்த நேரம் தாண்டிப்போச்சு. பேச்சு மாறினது தெரிஞ்சும் ஏன் சார் கூட்டிட்டு வரலை?"

எங்கள் வீட்டில் தினமும் அப்படித்தான் பேசுவோம் என்று அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? மூளையில் பேச்சு இருக்கிற பக்கம் ரத்தம் போகாமல் நின்றுவிட்டது என்றார். சொல்ல நினைப்பது அவளுக்குத் தெரியும், மற்றவர் பேசுவதும் புரியும், வார்த்தை மட்டும் வராது, வந்தாலும் மாறி வரும், அதற்கு அஃபேசியா என்று பெயர் என்றார்.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். சனியன் பிடித்த மூளை, அது பாட்டுக்கு ஓடியது. அஃபேசியா. நடுவில் ஓர் எழுத்தை எடுத்தால் அபேசியா. பேச்சை அபேஸ் பண்ணுகிற வியாதி. என் வாழ்நாளில் நான் கட்டிய வார்த்தைகளிலேயே உருப்படியானது அது ஒன்றுதான். அவள் கேட்டிருந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். அந்த நினைப்பு வந்ததும் என் வாயிலேயே ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பயந்துபோய் எழுந்து தள்ளி உட்கார்ந்தார்.

சாயங்காலம் மகள் வந்து சேர்ந்தாள். அவள் வருவதற்குள் நான் ஒரு காரியம் செய்தேன். பெண்டாட்டியின் போனை எடுத்து, நான் அனுப்பிய செய்தியை அழித்தேன். மகள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "காலையில அம்மா நல்லா இருந்தாங்களாப்பா? எதுவும் வித்தியாசமா தெரியலையா?" என்று கேட்டாள். "இல்லைம்மா. சிரிச்சுப் பேசிட்டுத்தான் இருந்தா" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவள் நம்பினாள். அப்பா சொன்னால் நம்புகிற பெண்.

பதினெட்டு நாள் கழித்து வீட்டுக்குக் கூட்டிவந்தோம். மகள் இந்த ஊர்க் கடைக்கே வேலையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். காலையில் நான் பார்த்துக்கொள்வேன், மத்தியானத்துக்கு மேல் அவள். பல் தேய்த்துவிடுவது, தலை பின்னுவது, வலது கைக்கு எண்ணெய் போட்டு நீவிவிடுவது எல்லாம் கற்றுக்கொண்டேன். என் தலைப்பின்னல் கோணல்மாணலாக இருக்கும். அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு இடது கையால் பிரித்துப் போடுவாள். திரும்பப் பின்னுவேன். அப்போதெல்லாம் எனக்குக் கோபமே வரவில்லை.

வாரத்தில் மூன்று நாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவாள். சீப்பு, கடிகாரம், குடை. ஒரு நாள் சாவிப் படம் வந்தது. என் பெண்டாட்டி அதையே பார்த்தாள். "சா... சா..." என்று திணறிவிட்டு, "சாலி" என்றாள். சொல்லிவிட்டுச் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். மோட்டாரைப் போடுகிற சாக்கில் வெளியே போய் நின்றேன்.

ஐந்து மாதமாக என் நெஞ்சை அரித்தது ஒரே கேள்விதான். அவளுக்கு அந்தக் காலை ஞாபகம் இருக்கிறதா? அவள் உதவி கேட்டதும், நான் அர்த்தம் சொல்லி விளையாடியதும் தெரியுமா? அவளுக்குப் பேச்சு வர வேண்டும் என்று தெரிந்த சாமியை எல்லாம் வேண்டினேன். பேச்சு வந்தால் முதலில் அதைத்தான் சொல்வாளோ என்று உள்ளுக்குள் நடுங்கினேன். இரண்டும் உண்மை. ஒரு மனுஷனுக்குள் இரண்டும் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இருந்தது, அவ்வளவுதான்.

பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு நாள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க. அம்மா ஏதாவது மாத்திச் சொன்னா நீங்களே புரிஞ்சுக்கிட்டு எடுத்துக் கொடுத்துடறீங்க. அப்படிச் செய்யாதீங்க. என்ன வேணும்னு கேளுங்க. கேட்டாத்தான் அவங்க தேடுவாங்க."

"சரிம்மா" என்றேன்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டுத் திருப்பிக் கேளுங்க. அதுல ஒண்ணும் வெட்கமில்லை."

"சரின்னு சொன்னேனே!" என்று கத்திவிட்டேன். பாவம், சின்னப் பெண். முகம் வாடிப் போய்விட்டது. அன்றைக்கு ராத்திரி மகளிடம் எனக்குச் செம திட்டு விழுந்தது. ஏன் கத்தினேன் என்று அவளிடம் சொல்ல முடியவில்லை. இந்த வார்த்தையை எனக்கு யாராவது அன்றைக்குக் காலையில் சொல்லியிருக்கக் கூடாதா என்கிற ஆத்திரம்தான் அது.

மகளுடைய விஷயம் வேறு. அவள் இதற்கென்றே பிறந்தவள் மாதிரி இருந்தாள். அம்மா எதைச் சொன்னாலும், "என்னம்மா? புரியலை, திருப்பிச் சொல்லுங்க. கையால காட்டுங்க. இதுவா? அதுவா?" என்று விடாமல் கேட்பாள். அம்மாவுக்குக் கோபம் வந்து தட்டைத் தள்ளினாலும் கேட்பாள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு, அன்றைக்கு வந்த வார்த்தைகளை எழுதி வைப்பாள். தண்ணி. வேண்டாம். போதும். நாலாவது மாதத்தில் இருபது முப்பது வார்த்தை வந்துவிட்டது. எல்லாம் ஒற்றை ஒற்றையாக. இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்ல வரவில்லை. ஒரு முழுப் பேச்சு வந்துவிட்டால் அப்புறம் கடகடவென்று வரும் என்று மகள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மூன்று பேரும் கூடத்தில் இருந்தோம். பெண்டாட்டி நாற்காலியில் உட்கார்ந்து, துவைத்த கைக்குட்டைகளை இடது கையால் மடித்துக்கொண்டிருந்தாள். அதுவும் ஒரு பயிற்சி. நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து மின்விசிறியின் ரெகுலேட்டரைப் பிரித்துப் போட்டிருந்தேன். மகள் தரையில் உட்கார்ந்து ஆஸ்பத்திரி காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அதில் டாக்டர் எழுதிய சீட்டு ஒன்று அவள் கண்ணில் பட்டிருக்கிறது.

"அப்பா, இதுல ஆறே முக்கால்னு போட்டிருக்கே. ஆறே முக்காலுக்கே ஆரம்பிச்சிருச்சுன்னு. நீங்க ஏழரைக்கு வேலைக்குக் கிளம்பற வரைக்கும் நல்லா இருந்தாங்கன்னுதானே சொன்னீங்க?"

"டாக்டர் ஏதோ தப்பா எழுதிட்டார்" என்றேன். திருப்புளியை எடுத்தேன், வைத்தேன். "நான் கிளம்பறப்ப சிரிச்சுப் பேசிட்டுத்தான் இருந்தா."

இந்தப் பொய்யைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். பெண்டாட்டி முன்னால் சொன்னது அதுதான் முதல் தடவை.

கைக்குட்டை மடிக்கிற கை நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். வாய் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது. "கேட்... கேட்..." என்றாள். மகள் நோட்டை எடுத்துக்கொண்டு முட்டி போட்டு அவள் அருகே நகர்ந்தாள். "சொல்லுங்கம்மா. என்ன? கேட்டா? கேட்டு?" அவள் மகளைப் பார்க்கவில்லை. என்னை மட்டும்தான் பார்த்தாள். மூச்சை இழுத்து, ஒரே வீச்சில் சொன்னாள்.

"நீங்க என்னன்னு கேட்டிருக்கலாம்."

ஓர் எழுத்து மாறவில்லை. அச்சில் வார்த்தது போல வந்தது.

மகள் கூச்சல் போட்டுக் குதித்தாள். "அம்மா! அப்பா, கேட்டீங்களா? முழுசா! மூணு வார்த்தை!" அம்மாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். அழுதாள். பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்குப் போன் போட்டு, "மிஸ், அம்மா முழுசா பேசிட்டாங்க, மிஸ்" என்று கத்தினாள். அந்தப் பக்கமும் சந்தோஷக் குரல் கேட்டது. என்னைப் பார்த்து, "கையைத் தட்டுங்கப்பா, என்ன மரம் மாதிரி உட்கார்ந்திருக்கீங்க" என்றாள். நான் தட்டினேன். ஐயோ, நான் கை தட்டினேன். பெண்டாட்டி என்னைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

மகள் நோட்டில் எழுத உட்கார்ந்தாள். 'நீங்க என்னன்னு' என்று எழுதும்போதே பேனா நின்றது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கேட்காமல் இருக்க அவளுக்குத் தெரியாதே.

"அப்பா, அம்மா எதைச் சொல்றாங்க? நீங்க எப்ப, என்ன கேட்டிருக்கலாம்?"

இனிமேல் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. திருப்புளியைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்குக் காலையில அம்மாவுக்கு வார்த்தை மாறிச்சும்மா. ரெண்டு தடவை..."

பெண்டாட்டி இடது கையைத் தூக்கினாள். நாலு விரலை நிமிர்த்திக் காட்டினாள்.

"நாலு தடவை" என்றேன். "நான் விளையாட்டுன்னு நினைச்சுச் சும்மா இருந்துட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"சும்மா இல்லை. நானும் சேர்ந்து விளையாடினேன். ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் சொன்னேன். சாவிக்கு, டம்ளருக்கு, சட்டைக்கு. நாலாவது எனக்குப் புரியலை. கேட்கலாம்னு வாயெடுத்தேன். கேட்டா அவுட்னு கேட்கலை. அந்த வார்த்தை என்னன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது." மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அப்புறம் அதுக்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிச்சு அம்மா போனுக்கு அனுப்பினேன். ஆஸ்பத்திரியில நீ வர்றதுக்கு முன்னாடி அதை அழிச்சிட்டேன். டாக்டர் சரியாத்தான் எழுதியிருக்கார். நான்தான் பொய் சொன்னேன். அவ்வளவுதான்மா. அதுக்கப்புறம் நான் வேலைக்குப் போயிட்டேன்."

பெண்டாட்டி மறுபடியும் இல்லை என்று தலையை ஆட்டினாள். நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, இடது கையை நீட்டி, என் சட்டைக் கையை இறுகப் பிடித்தாள்.

இதை உங்களிடமும் நான் சொல்லவில்லை.

அன்றைக்கு வாசல் வரை என் பின்னாலேயே வந்தாள். நான் செருப்பை மாட்டும்போது இப்படித்தான் பிடித்தாள். இதே கை, இதே பிடி. வாய் திறந்து மூடியது, ஒன்றும் வரவில்லை. அர்த்தத்தை இப்போதே சொல் என்று அடம் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பஸ் போய்விடும் என்கிற கோபம் வேறு. அவள் கண்ணைப் பார்த்தேன். பயந்த கண் அது. பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் போனேன்.

"சொல்லுங்கப்பா" என்றாள் மகள்.

"வாசல்ல அம்மா என் சட்டையைப் பிடிச்சா" என்றேன். "போக விடாம பிடிச்சா. லேட்டாச்சு விடுன்னு சொல்லிட்டு, நான் கையை உதறிட்டுப் போயிட்டேன்."

மகள் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு தன் அம்மாவையே பார்த்தாள். நான் இன்னும் ஏதாவது விட்டிருக்கிறேனா என்று பெண்டாட்டி என் முகத்தில் தேடினாள். எதுவும் பாக்கியில்லை என்று தெரிந்த பிறகுதான் என் சட்டையை விட்டாள்.